தமிழகச் சமையலறையில் கிரைண்டர் இன்றியமையாததான வரலாறு

எந்தச் சாமான் இல்லாமல் வீடு நடக்காது என்று தமிழ்நாட்டில் கேட்டால் மிக்சி, கிரைண்டர், ஃபிரிட்ஜ் என்று அடுக்குவார்கள். இவற்றில் மிக்சியும் ஃபிரிட்ஜும் இந்தியாவின் எந்த மூலையிலும் கிடைக்கக்கூடிய பதில்கள். கிரைண்டர் அப்படியல்ல, வட இந்தியாவில் பல வீடுகளுக்கு அது என்ன சாமான் என்றே தெரியாது. ஊறவைத்த உளுந்தையும் அரிசியையும் அரைப்பதற்கென்றே பிறந்த ஓர் இயந்திரம், சுமார் எழுபது ஆண்டுகளில் ஒரு மாநிலத்தின் பெரும்பாலான வீடுகளுக்குள் எப்படி நுழைந்தது? வேலையைக் குறைத்ததால் என்பது சட்டென்று வரும் பதில். அது பாதிப் பதில்தான். இருந்த வேலையைக் குறைத்த கிரைண்டர், அதற்கு முன் அன்றாடம் இல்லாத ஒரு வேலையையும் வீட்டுக்குள் கொண்டுவந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஆட்டுக்கல்லில் மாவாட்டிய தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. குழியுள்ள கல் தரையில் அசையாமல் கிடக்கும். ஒரு கை குழவியைச் சுற்ற, மறு கை மாவை உள்ளே தள்ளிவிடும். உளுந்துக்குத் தனி நிதானம் வேண்டும். தண்ணீரை மொத்தமாக ஊற்றினால் மாவு நீர்த்துப்போகும். தெளித்துத் தெளித்து ஆட்டினால் வெண்ணெய்போலத் திரண்டு பொங்கும். ஒரு சிட்டிகை மாவைக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும், அதுதான் பதம். உளுந்திலுள்ள அராபினோகலாக்டன் என்ற பிசுபிசுப்பான பொருள்தான் இதற்குக் காரணம். ஆட்டும்போது உள்ளே புகும் காற்றையும், பிறகு லூக்கோனாஸ்டாக் முதலிய நுண்ணுயிரிகள் மாவைப் புளிக்கவைக்கும்போது உண்டாகும் வாயுவையும் அது பிடித்து வைத்துக்கொள்கிறது. கல் மெதுவாக ஓடுவதால் மாவும் அதிகம் சூடேறுவதில்லை.

கூட்டுக் குடும்பத்துக்கு வேண்டிய மாவை ஆட்டி முடிப்பதற்குள் பொழுது போய்விடும். அதனால் கிராமத்து வீடுகள் பலவற்றில் இட்லியும் தோசையும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விருந்தாளி வரும் நாளுக்கும் உரிய பண்டங்களாக இருந்தன. மற்ற நாள்களில் கம்பங்கூழ், கேழ்வரகுக் களி, பழைய சோறு. வீட்டில் மாவாட்டும் வேலை கடினமானதுதான், ஆனால் அது தினசரி வேலை அல்ல. கிரைண்டரின் வரலாற்றை எழுதும்போது இதை மறந்துவிடக் கூடாது.

கிரைண்டரை 1955இல் கோயம்புத்தூரில் உருவாக்கியவர் பி. சபாபதி. அது அந்த ஊரில் பிறந்ததைத் தற்செயல் என்று சொல்ல முடியாது. 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய நூற்பாலைக்குப் பின்னால் ஆலைகளும், அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் பட்டறைகளும் பெருகின. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் மின்சாரம் கொடுக்கத் தொடங்கியது. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவின் முதல் உள்நாட்டு மின்மோட்டாரைச் செய்தார்கள். அடுத்து, கிணற்றுப் பாசனத்தை நம்பிய கொங்குப் பகுதியில் பம்புசெட்டுக்குப் பெரும் தேவை எழுந்தது. வார்ப்படச் சாலைகள், லேத் பட்டறைகள், மோட்டார் சுற்றத் தெரிந்த ஆட்கள், சுற்றுவட்டாரத்தில் கருங்கல், கல் கொத்துகிறவர்கள் என எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. தண்ணீர் இறைத்த மோட்டாருக்கு அந்த ஊர் இன்னொரு வேலையும் கண்டுபிடித்தது.

பொறியியலில் நடந்தது சின்ன மாற்றம்போலத் தோன்றும். ஆட்டுக்கல்லில் உரல் நிற்கும், குழவி சுற்றும். கிரைண்டரில் உரல் சுற்றும், குழவி நிற்கும். குழவியைச் சட்டத்தில் மாட்டிவிட்டு, அடிக்கல்லைச் சுமக்கும் பாத்திரத்தை பெல்ட் மூலம் மோட்டார் ஓட்டுகிறது. மனிதக் கை செய்யும் வட்ட அசைவை இயந்திரக் கையால் நகலெடுப்பது சிக்கல்; பாத்திரத்தைச் சுற்றுவது எளிது. ஓரத்தில் ஒட்டும் மாவைத் தள்ளிவிட ஒரு பலகை வைத்தால் மறு கையின் வேலையும் முடிந்தது. இவ்வளவையும் மாற்றிய பிறகும் கல்லை மட்டும் யாரும் விடவில்லை.

தொடக்கத்தில் இதை வாங்கியவர்களில் ஓட்டல்காரர்களே முக்கியமானவர்கள். வீட்டுக்கு அது பெரிய சாமான். மாவு வழித்தெடுக்கக் குழவியைத் தூக்க வேண்டும், கழுவுவது அதைவிடப் பாடு. பாத்திரத்தைச் சாய்த்து மாவைக் கொட்டும் டில்டிங் வகை வந்த பிறகு நடுத்தர வீடுகள் துணிந்தன. கழற்றி எடுக்கக்கூடிய பாத்திரமும் உருளைக் கற்களும் கொண்ட டேபிள் டாப் வகை அதன்பின் அடுக்களை மேடைக்கே ஏறியது. கல்யாணச் சீர்ப் பட்டியலில் கட்டில், பீரோவோடு கிரைண்டரும் சேர்ந்துகொண்டது.

மிக்சியின் கதை வேறு திசையிலிருந்து வந்தது. ஜெர்மன் பிரான் நிறுவனத்தின் மிக்சி இந்திய மசாலாவை அரைக்க முடியாமல் பழுதாகிப்போக, சீமென்ஸில் பொறியாளராக இருந்த சத்ய பிரகாஷ் மாத்தூர் தம் மனைவி மாதுரிக்காக வலுவான மோட்டாரோடு ஒன்றை வடிவமைத்தார். அதுவே சுமீத் ஆனது. 1978இல் சென்னையில் பிரீத்தி தொடங்கியது. அம்மி செய்த வேலையை மிக்சி முழுமையாக எடுத்துக்கொண்டது. ஆட்டுக்கல்லின் வேலையை அதனால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. வேகமாகச் சுழலும் பிளேடு உளுந்தைச் சூடாக்குகிறது, வெட்டுகிறது, அந்த அளவுக்குப் பொங்கவைப்பதில்லை. ஒரே அடுக்களையில் இரண்டு அரைக்கும் இயந்திரங்கள் அக்கம்பக்கமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் வெளியிட்ட ஆய்வு நூலில், வீட்டுச் சாதனங்கள் பெண்களின் வேலை நேரத்தைக் குறைக்கவில்லை என்று காட்டினார். ஆண்களும் பிள்ளைகளும் வேலையாட்களும் செய்த பங்கை அவை நீக்கின. சுத்தத்துக்கும் உணவுக்குமான எதிர்பார்ப்பையோ உயர்த்தின. கிரைண்டருக்கு இது அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். இடுப்பும் தோளும் விட்டுப்போகும் வேலையிலிருந்து கிடைத்த விடுதலையைக் குறைத்து மதிப்பிட யாருக்கும் உரிமையில்லை. ஆனால் எதிர்பார்ப்பு உயர்ந்தது உண்மை. மாவு எப்போதும் இருக்க வேண்டும், காலையில் இட்லி, ராத்திரி தோசை என்பது வீட்டின் சட்டமானது. ஃபிரிட்ஜ் வந்து, ஒருமுறை ஆட்டிய மாவை வாரக் கணக்கில் வைத்துக்கொள்ள வழி செய்ததும் அந்தச் சட்டம் இன்னும் இறுகியது.

இதில் அரிசிக்கும் பங்குண்டு. 2008 செப்டம்பரில் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய்க்கு வந்தது. 2011 ஜூனில் விலையே இல்லாமல் போனது. சோற்றுக்குப் பிடிக்காத ரேஷன் புழுங்கல் அரிசி எத்தனையோ வீடுகளில் இட்லிக்கு ஊறியது. சிறுதானியம் பின்வாங்கியதற்குப் பசுமைப் புரட்சியை மட்டும் காரணம் காட்டுவது வழக்கம். ஊறிய அரிசியைச் சிரமமில்லாமல் மாவாக்கித் தந்த இயந்திரத்தையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

2011 சட்டமன்றத் தேர்தலில் கிரைண்டர் அரசியலுக்கு வந்தது. தி.மு.க. மிக்சி அல்லது கிரைண்டர் என்றது, அ.தி.மு.க. மிக்சி, கிரைண்டர், மின்விசிறி மூன்றும் என்றது. வென்றபின் ஜெயலலிதா அரசு செப்டம்பர் 15 அன்று விலையில்லாத் திட்டத்தைத் தொடங்கியது. இத்தகைய வாக்குறுதிகளை எதிர்த்த வழக்கில் 2013 ஜூலை 5 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அவற்றை ஊழல் நடவடிக்கை என்று கூற முடியாது என்றது. ஆயினும் நியாயமான தேர்தலின் அடித்தளத்தையே இவை அசைக்கின்றன என்று கவலைப்பட்டு, நெறிமுறை வகுக்கும்படி தேர்தல் ஆணையத்தைப் பணித்தது. ஒரு சமையலறைச் சாமான் ஆடம்பரமா, மக்கள் நலமா என்பது உச்ச நீதிமன்றம் வரை போன விவாதமாகிவிட்டது. இதற்கிடையே 2012இல் மாநிலம் கடும் மின்வெட்டில் தவித்தது. கிரைண்டர் வந்திறங்கிய வீடுகளில் கரண்ட் இருக்கும் நேரம் பார்த்து, விடியுமுன் எழுந்து மாவாட்டினார்கள். ஆட்டுக்கல்லைக் கொல்லைப்புறத்துக்குத் தள்ளிவிட்டவர்களுக்கு வேறு வழி இல்லை. ஒரு சாதனம் இன்றியமையாததாகிவிட்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஆடம்பரமா, தேவையா என்ற கேள்விக்கு வரித்துறை சொன்ன பதில்கள் இன்னும் சுவையானவை. 2005-06இல் கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது அது 28 விழுக்காட்டு வரிசையில் போய் உட்கார்ந்தது. நவம்பரில் குவாஹாத்தியில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில், கல்லால் அரைக்கும் கிரைண்டரை 12 விழுக்காட்டுக்கு இறக்கியது. அப்படி 28இலிருந்து 12க்கு இறங்கிய பட்டியலில் அதற்குத் துணையாக இருந்தவை போர் டாங்கிகள். 2019இல் வரி 5 ஆனது. 2022 ஜூலையில் 18 ஆக ஏறியது. ஐந்து ஆண்டுகளில் நான்கு விகிதங்கள். இடையில் கல்லும் மாறவில்லை, உளுந்தும் மாறவில்லை.

குவாஹாத்திக் கூட்டத்தில் இன்னொரு முடிவும் எடுக்கப்பட்டது: இட்லி, தோசை மாவின் வரி 12இலிருந்து 5 ஆகக் குறைந்தது. அதற்கு முன்பே, 2005இல் பெங்களூரில் பி.சி. முஸ்தபாவும் அவருடைய உறவினர்களும் தொடங்கிய ஐடி ஃபிரெஷ் நிறுவனம் பாக்கெட் மாவைப் பெரும் வணிகமாக்கியிருந்தது. 2022க்குப் பிறகு பாக்கெட் மாவு வாங்குகிறவர் 5 விழுக்காடும், மாவாட்டும் இயந்திரம் வாங்குகிறவர் 18 விழுக்காடும் வரி கட்டினார்கள். வேலைக்குப் போகும் பெண்கள் உள்ள நகர வீடுகளில் டேபிள் டாப் கிரைண்டர் அட்டைப்பெட்டியோடு பரண் ஏறியிருக்கிறது. ஆனால் தெருமுனையில் ‘இங்கு இட்லி மாவு கிடைக்கும்’ என்று எழுதித் தொங்கும் அட்டைக்குப் பின்னால் ஒரு டில்டிங் கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. பல இடங்களில் அதை ஓட்டுபவர் வீட்டிலிருந்தே தொழில் செய்யும் ஒரு பெண்தான். பத்து வீட்டுக்குச் சேர்த்து அவர் ஆட்டுகிறார். அந்தப் பத்து வீடுகளுக்கும் இப்போது இன்றியமையாததாக இருப்பது அவருடைய கிரைண்டர்.