அலெக்சாண்டருக்கு அனுப்பிய பெண்

விஷக்கன்னியை யாருக்குத் தெரியாது? பச்சைக் குழந்தைக்குத் துளித்துளியாக நஞ்சூட்டி வளர்ப்பார்கள். பருவம் வந்ததும் எதிரி அரசனுக்குப் பரிசாக அனுப்புவார்கள். தொட்டவன் பிழைக்க மாட்டான். இவள் அமெரிக்க இலக்கியத்துக்குள் நுழைந்த கதைதான் பலருக்கும் தெரியாதது.

விசாகதத்தரின் 'முத்ராராட்சசம்' நாடகத்தில் சந்திரகுப்தனைக் கொல்ல நந்தர்களின் அமைச்சன் ராட்சசன் ஏவிய பெண்ணை, சாணக்கியர் கூட்டாளி அரசன் பர்வதகன் பக்கம் திருப்பிவிடுகிறார். அவள் மேடைக்கே வருவதில்லை.

10ஆம் நூற்றாண்டு வாக்கில் அவள் அரபிக்குப் போய்விட்டாள். அலெக்சாண்டருக்கு அரிஸ்டாட்டில் எழுதியதாகச் சொல்லப்படும் கடிதம் ஒன்றில் அவள் வருகிறாள். இந்திய அரசனின் தாய் அனுப்பிய பெண்ணை இன்னாரென்று கண்டுகொண்டு மாணவனைக் காப்பாற்றியதாகக் குரு சொல்கிறார். 13ஆம் நூற்றாண்டில் கடிதம் முழுவதும் லத்தீனுக்கு வந்தது. பிரதி எடுத்தவர்களும் கதைசொல்லிகளும் சும்மா இருப்பார்களா? 'கெஸ்டா ரோமனோரம்' என்ற தொகுப்பில் அனுப்பியவள் வடதேசத்து அரசி. சோதனைக்காக ஒரு மரண தண்டனைக் கைதியை முத்தமிடச் சொல்ல, அவன் அங்கேயே விழுந்து சாகிறான்.

அரளியைக் கடித்து விழுந்த ஆட்டை கிராமத்துப் பக்கம் பார்த்தவர்களுக்கு, நஞ்சு தின்று அழகாய் வளர்ந்த பெண் நம்ப முடியாத சங்கதிதான். ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் பிரவுனும் நம்பவில்லை. மக்களின் தவறான நம்பிக்கைகளைத் திரட்டி 1646இல் அவர் வெளியிட்ட நூலில், வச்சநாபி ஊட்டி வளர்த்த இந்தியப் பெண்ணும் இடம்பெற்றாள். மறுக்க எழுதியதே அவளைக் கடல் கடத்தியது. அமெரிக்க எழுத்தாளர் நத்தானியல் ஹாதார்ன் அந்த வரிகளைத் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டார்.

அவர் பிறந்தது மாசசூசெட்ஸில் உள்ள சேலம் துறைமுகத்தில். அப்பா கப்பல்காரர். கல்கத்தாவில் ஏற்றி 1796இல் நியூயார்க்கில் இறக்கிய யானை வந்த கப்பலில் நாட்குறிப்பு எழுதியவர் அவரே. மகனுக்கு நான்கு வயது நிறையும் முன்பே இறந்துபோனார். இந்தியா அந்த வீட்டில் புழங்கிய பெயர்.

1844இல் ஹாதார்னின் 'ராப்பச்சினியின் மகள்' என்ற சிறுகதை வெளியானது. பதுவா நகரத்து மருத்துவரின் நச்சுத் தோட்டத்தில் வளரும் பியாட்ரிஸ்தான் நாயகி. அலெக்சாண்டர் கதையையும் ஒரு பாத்திரம் வாய்விட்டே சொல்கிறது. விமர்சகர்கள் மூலத்தைத் தோண்டினார்கள். சமஸ்கிருதக் கதைத் தொகுப்பான 'கதாசரித்சாகர' மொழிபெயர்ப்பின் பதிப்பாசிரியர் பென்சர் 1924இல் விஷக்கன்னியின் வழித்தடத்தையே விரிவாக வரைந்தார்.

கடன் வாங்கினார் என்பதோடு விமர்சனம் நின்றுவிட்டால் அது பாதி வேலை. ஆயுதமாகவே இருந்தவளை ஹாதார்ன் பேச வைத்தார். மாற்று மருந்தைக் குடித்துச் சாகும் பியாட்ரிஸ், நஞ்சு அதிகம் இருந்தது யாரிடம் என்று காதலனையே கேட்கிறாள். மெக்சிகோ கவிஞர் ஒக்தாவியோ பாஸ் 1956இல் இதை நாடகமாக்கினார். 1962இல் தூதராக டெல்லிக்கே வந்து சேர்ந்தார். அந்தக் கடைசிக் கேள்விக்காகவாவது ஹாதார்னின் கதையை ஒருமுறை படியுங்கள்.