சலான் போன வழி

வரி கட்டுவதைவிடக் கட்டியதை நிரூபிப்பது கடினமாக இருந்த காலம் ஒன்று உண்டு. வங்கிக் கவுன்டரில் சலானை நிரப்பிப் பணம் செலுத்தினால், முத்திரை குத்திய துண்டு ஒன்று கட்டியவர் கைக்கு வரும். இன்னொரு துண்டு வங்கியிலிருந்து வருமான வரித் துறைக்குப் போகும். அது உரிய அதிகாரியின் கோப்பில் ஏறினால்தான் கணக்கு நேராகும். வழியில் தொலைந்தால், கையிலிருக்கும் துண்டுதான் கதி.

இந்தியாவுக்கு வருமான வரி வந்தது 1860-ல். 1857 கிளர்ச்சியால் காலியான கருவூலத்தை நிரப்ப அரசின் நிதி உறுப்பினர் ஜேம்ஸ் வில்சன் கொண்டுவந்த வரி அது. அதைப் பகிரங்கமாக எதிர்த்ததால் சென்னை ஆளுநர் சார்லஸ் ட்ரெவெல்யன் பதவி இழந்தார். இடையில் நின்றும் மீண்டும் வந்தும் அந்த வரி காகிதத்திலேயே வளர்ந்தது. 1981-ல் துறைக்குள் கணினிமயத்துக்கென ஓர் இயக்குநரகம் அமைந்தபோது, முதலில் கையில் எடுத்த வேலை இந்தச் சலான்கள்தான்.

ஆனால் ஒரே பெயரில் ஆயிரம் பேர் இருக்கும் நாட்டில், எந்தச் சலான் யாருடையது என்று இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? 1995-ல் வந்த புதிய பான் எண் அதற்கு வழி செய்தது. எழுத்தும் எண்ணுமாகப் பத்து இடங்கள். தனிநபருக்கு ஐந்தாவது இடத்தில் குடும்பப் பெயரின் முதல் எழுத்து. குடும்பப் பெயரே வைத்துக்கொள்ளாத தமிழர்களுக்கு அங்கேதான் சிக்கல். இனிஷியலை விரித்து எழுதச் சொன்னதில், தகப்பன் பெயர் சிலருக்கு முன்னே போனது, சிலருக்குப் பின்னே வந்தது. பான் அட்டையில் ஒரு விதம், வங்கியில் ஒரு விதம், பிறகு ஆதாரில் வேறொரு விதம். இது படிவத்தின் குறை. மக்களின் குறை அல்ல.

உண்மையான திருப்பம் 2004. வரிச் சீர்திருத்தத்துக்கான விஜய் கேல்கர் குழு 2002-ல் சொன்ன யோசனைப்படி வரித் தகவல் வலைப்பின்னல் உருவானது. வங்கிக் கிளைக்கு ஏழு இலக்கக் குறியீடு, கட்டிய தேதி, ஐந்து இலக்க வரிசை எண் என மூன்றும் சேர்ந்து ஒவ்வொரு சலானுக்கும் ஓர் அடையாளம் ஆயின. சம்பளத்திலும் வட்டியிலும் பிடித்த வரி எல்லாம் பான் எண் வழியாக '26ஏஎஸ்' என்ற ஒரே அறிக்கையில் சேர்ந்தது.

அடுத்தது பெங்களூரு. அங்கே 2009-ல் அமைந்த மையப் பரிசீலனை நிலையம், எந்த ஊர் வரிக் கணக்கையும் ஒரே இடத்தில் சரிபார்த்தது. அதுவரை ரீஃபண்ட் வேண்டுமானால் வார்டு அதிகாரியின் மேசையைத்தான் எதிர்பார்க்க வேண்டும். இணையத்தில் தாக்கல் செய்தவர்கள் கையெழுத்திட்ட ஒரு தாளை மட்டும் தபாலில் பெங்களூருக்கு அனுப்பினார்கள். 2015-ல் ஆதார் ஓடிபி வந்தபின் அதற்கும் அவசியம் குறைந்தது. துறையைத் திருத்தியது எது என்று கேட்டால், கோப்பு ஒருவர் மேசையை விட்டு நீங்கியதுதான்.

தடுமாற்றமும் உண்டு. 2021 ஜூன் 7-ல் திறந்த புதிய இணையதளம் மாதக்கணக்கில் மக்களை அலைக்கழித்தது. தாக்கல் கெடுவை டிசம்பர் 31 வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று. ஆனாலும் 2024 ஜூலை 31-க்குள் 7.28 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகள் தாக்கலாயின.

ஆனால் ஒரு வேலை இன்னும் உங்களுடையது. வைப்புத்தொகை வட்டியில் வங்கி வரி பிடித்திருக்கலாம். உங்கள் வருமானமோ வரி விலக்கு வரம்புக்குள் இருக்கலாம். அந்தப் பணம் தானாகத் திரும்பி வராது. 26ஏஎஸ் அறிக்கையைப் பாருங்கள். கணக்கைத் தாக்கல் செய்து கேட்டு வாங்குங்கள்.