திருச்சிச் சீமையில் சிலம்பம்

கம்பைப் படைக்கலமாகக் கொண்ட சிலம்பம், தென்தமிழ்நாட்டில் வாள், வேல், எறியும் ஆயுதமான வளரி ஆகியவற்றோடு சேர்த்துப் பயிலப்பட்ட போர்க்கலை. ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்கு முதலில் கற்றுத்தந்தவர் சிவகங்கைச் சின்ன மருது என்று ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் தம் நினைவுக்குறிப்புகளில் எழுதியிருக்கிறார். பின்னாளில் மருதுவை எதிர்த்த படையில் அவரும் இருந்தார். அந்நியனுக்கும் வித்தையை ஒளிக்காமல் சொல்லித்தந்த அந்த மனம் போற்றத்தக்கது.

1801 ஜூனில் ஆங்கிலேயருக்கு எதிரான சின்ன மருதுவின் போர் அறிக்கை திருச்சிக் கோட்டை வாயிலிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. எல்லா வருணத்தாரையும் முஸ்லிம்களையும் ஒருசேரப் போருக்கு அழைத்த அறிக்கை அது. அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ், பாளையங்களில் ஆயுதங்களை ஒப்படைக்க ஆணையிட்டார், கோட்டைகள் இடிக்கப்பட்டன.

வளரி வழக்கொழிந்தது, கம்பு பிழைத்தது. ஆடுமாடு மேய்க்கவும் களத்துமேட்டில் காவல் இருக்கவும் இருட்டில் வழிநடக்கவும் குடியானவனுக்குக் கம்பு வேண்டும். அதை வீடு வீடாகப் பறிக்க எந்த அரசாலும் முடியாது. போர்க்களம் போனபின் சிலம்பம் மாரியம்மன் திருவிழாவிலும் பொங்கலிலும், சில ஊர்களில் முகரம் ஊர்வலத்திலும் நிலைத்தது. தோட்ட வேலைக்குப் போன தமிழரோடு மலாயாவுக்கும் சென்றது.

இந்த இரண்டாம் வாழ்வில்தான் அதன் சமூகப் பயன் தெளிவாகத் தெரிகிறது. மாணவர் முதலில் ஆசானையும் மண்ணையும் வணங்குகிறார். பிறகு காலடி, அது படிந்த பின்பே வீச்சு. இருவர் எதிரெதிரே நிற்கும் தொடுமுறையில் கம்பு உடம்பைத் தொட்டாலே புள்ளி. ஓங்கி அடிப்பது திறமை ஆகாது. வலிமை இருந்தும் கையை அடக்கும் இந்தப் பழக்கம் களத்துக்கு வெளியிலும் உதவும். கோபத்தை அடக்கச் சொல்லும் அறிவுரையைவிட, தினமும் உடம்பால் அதைப் பழகுவது ஆழமாகப் பதியும்.

செலவும் குறைவு. திருச்சியின் அரியமங்கலம் போன்ற நெருக்கமான புறநகரில்கூட ஒரு மூங்கில் கம்பும் காலி மனையும் இருந்தால் பயிற்சி தொடங்கலாம். ஒரு காலத்தில் பெரும்பாலும் ஆண்களே இறங்கிய களத்தில் இன்று சிறுமிகளும் கம்பு சுழற்றுகிறார்கள். 2024 ஜனவரியில் திருச்சி உள்ளிட்ட 4 தமிழக நகரங்களில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டிலும் சிலம்பம் சேர்க்கப்பட்டுள்ளது.