அழுத்தமும் வேகமும்: கடலூரிலிருந்து புசா ரோடு வரை

புசா ரோட்டின் பெயர் தில்லியில் பிறந்ததன்று. பிகாரின் புசா என்னும் ஊரில் 1905இல் தொடங்கப்பட்ட வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1934 நிலநடுக்கத்தில் சிதைந்து, 1936இல் தில்லிக்கு இடம்பெயர்ந்தபோது ஊர்ப்பெயரும் உடன் வந்தது. (கொடையளித்த அமெரிக்கர் ஹென்றி பிப்ஸின் முதலெழுத்தையும் யுஎஸ்ஏ என்பதையும் இணைத்து உருவானதே 'புசா' என்றொரு கதை உண்டு. சுவையான கதைதான், ஆனால் ஊர்ப்பெயர் அவருக்கு முந்தையது.) அந்த வேளாண் வளாகத்தை அடுத்து, 1950 ஜனவரி 21 அன்று திறக்கப்பட்ட தேசிய இயற்பியல் ஆய்வகம் அமைந்துள்ளது. நாட்டின் அழுத்த அளவுக்குரிய மூலத்தரம் அங்கேதான் பேணப்படுகிறது. காற்றுத் துப்பாக்கியின் வேகம் ஏன் குண்டுக்குக் குண்டு மாறுகிறது என்ற கேள்வியும், தொடர்ந்து துருவினால், இங்கேதான் வந்து நிற்கும்.

அக்கேள்வி அற்பமானதன்று. பத்து மீட்டர் போட்டியில் 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு வினாடிக்கு ஏறத்தாழ 172 மீட்டர் வேகத்தில் செல்கிறது என்று கொள்வோம். இலக்கை அடைவதற்குள் அது 16.6 மில்லிமீட்டர் கீழிறங்கும். இச்சரிவைக் கணக்கில் கொண்டே பார்வைக்கருவி பொருத்தப்படுகிறது. வேகம் 170 ஆகக் குறைந்தால் குண்டு மேலும் 0.4 மில்லிமீட்டர் தாழும். இலக்கின் நடுப்புள்ளியின் விட்டமே 0.5 மில்லிமீட்டர், 0.1 மதிப்பெண் என்பது 0.25 மில்லிமீட்டர். 2016 ரியோ ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா ஒரே கூடுதல் குண்டில், 10.5க்கு எதிராக 10.0 எடுத்து நான்காம் இடத்தோடு வெளியேறினார். அவ்வேறுபாடு 1.25 மில்லிமீட்டர். அங்கே துப்பாக்கியைக் குறைசொல்ல எந்த முகாந்திரமும் இல்லை. எவ்வளவு நுண்ணிய இடைவெளியில் இந்த ஆட்டம் நடக்கிறது என்பதற்கே இந்தக் கணக்கு.

குண்டின் வேகத்தை ஊகத்திலிருந்து அளவைக்குக் கொண்டுவந்தவர் ஆங்கிலேயக் கணிதவியலர் பெஞ்சமின் ராபின்ஸ். கனமான ஊசலில் குண்டைப் பாய்ச்சி, ஊசல் எவ்வளவு பின்னோக்கி ஆடியது என்பதிலிருந்து வேகத்தைக் கணக்கிடும் முறையை 1742இல் வெளியிட்டார். அவருடைய நூலை ஆய்லர் ஜெர்மனில் மொழிபெயர்த்து விரிவுரையும் எழுதினார். பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளராகக் கோட்டைகளைச் செப்பனிட வந்த ராபின்ஸ், 1751இல் கடலூர் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையில் காய்ச்சலால் மறைந்தார். பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கியில் உலகக் கோப்பைத் தங்கம் வென்ற இளவேனில் வாலறிவனும் பிறப்பால் கடலூர்க்காரர் என்பது வெறும் தற்செயல்தான். ஆயினும் நினைக்க இனிக்கிறது.

ராபின்ஸின் ஊசல் வேகம் எவ்வளவு என்று சொல்லும். ஏன் மாறுகிறது என்று சொல்லாது. 1780 வாக்கில் ஆஸ்திரியப் படை ஏற்றுக்கொண்ட ஜிரார்டோனி காற்றுத் துப்பாக்கியில் பின்கட்டையே காற்றுக் கலன். சுடச்சுடக் கலனின் அழுத்தம் குறையும். ஆனால் அழுத்தம் குறைவதும் வேகம் குறைவதும் எப்போதும் ஒன்றல்ல. சுத்தியல் தட்டித் திறக்கும் வால்வை உள்ளிருக்கும் காற்றே திரும்ப மூடுகிறது. அழுத்தம் மிகுந்தால் வால்வு சிறிதே திறந்து சட்டென மூடிக்கொள்ளும். குறைந்தால் நெடுநேரம் திறந்திருக்கும். ஆகவே ரெகுலேட்டர் இல்லாத துப்பாக்கியில் வேகம் முதலில் ஏறி, உச்சத்தில் சற்றே நிலைத்து, பின் இறங்கும். கூடுதலாகக் காற்றடைத்தால் வேகம் கூடும் என்று நம்பி முழுக்க நிரப்புவோர் தொடக்கக் குண்டுகளில் ஏமாறுவது இதனால்தான்.

இன்றைய போட்டித் துப்பாக்கியில் சிலிண்டரின் 200 பார் அழுத்தத்தை ரெகுலேட்டர் குறைத்து, ஒரே அளவில் வால்வுக்கு அனுப்புகிறது. பழுது பார்ப்பவர் முதலில் செய்ய வேண்டியது திருகைத் தொடுவதன்று; வேகமானியில் ஒவ்வொரு குண்டின் வேகத்தையும், அருகில் அப்போதைய அழுத்தத்தையும் எழுதிவைப்பது. கடைசிச் சில குண்டுகளில் மட்டும் வேகம் சரிந்தால் சிலிண்டர் அழுத்தம் ரெகுலேட்டரின் அளவுக்குக் கீழே போய்விட்டது, நிரப்பினால் போதும். ஓய்வுக்குப் பின் முதல் குண்டு மட்டும் மாறுபட்டால் ரெகுலேட்டரின் உள்ளே காற்று மெல்லக் கசிந்து அழுத்தம் ஏறுகிறது என்று ஐயுறலாம். இங்கே ஒரு பொறி உண்டு: கசிவு சிறிதாயின் அந்தக் குண்டு வேகமாகப் போகும், பெரிதாயின் வால்வு திறக்கத் திணறி மெதுவாகப் போகும். ஒரே நோய்க்கு எதிரெதிர் அறிகுறிகள். ஒழுங்கின்றி ஏறியிறங்கினால் குண்டின் எடை, சுத்தியலின் உராய்வு ஆகியவற்றைத் தனித்தனியே சோதிக்க வேண்டும். இரண்டை ஒருசேர மாற்றியவர் எது காரணம் என்று அறியமாட்டார்.

இத்தனையும் அழுத்தமானி உண்மை பேசினால்தான். துப்பாக்கியில் உள்ள சிறுமுள், 1849இல் பிரெஞ்சுக்காரர் பூர்தோன் காப்புரிமை பெற்ற வளைகுழாயின் வழிவந்தது: அழுத்தம் ஏறக் குழாய் நிமிர்ந்து முள்ளை நகர்த்தும். அது ஒப்பிட்டுச் சொல்லும் கருவியே. முள் பத்து பார் பொய் சொன்னால் குற்றம் ரெகுலேட்டர்மேல் விழும். அம்முள்ளைச் சரிபார்க்கும் பட்டறைக் கருவியையும் வேறொன்று சரிபார்க்க வேண்டும். அச்சங்கிலியின் மேல்முனையில், பரப்பு மிக நுட்பமாக அறியப்பட்ட பிஸ்டன்மேல் எடைகளை ஏற்றி, விசையைப் பரப்பால் வகுத்து அழுத்தத்தை நேரடியாகப் பெறும் கருவி இருக்கிறது. இந்தியாவில் அம்முனை புசா வளாகத்தருகேயுள்ள அந்த ஆய்வகம். அதன் முதல் இயக்குநர், வத்திராயிருப்பில் 1898இல் பிறந்து, 1928இல் இராமனின் கண்டுபிடிப்பில் உடனுழைத்த கே.எஸ். கிருஷ்ணன். 1961இல் மறையும்வரை அப்பொறுப்பில் இருந்தார். ஆய்வகத்தின் முகவரியில் இன்று உள்ள சாலைக்கு அவர் பெயர்.