கோவலன் சாவான் என்று முதலிலேயே சொன்னவர்கள்

எச்சரிக்கை: இந்தப் பதிவில் கோவலன் கொல்லப்படுகிறான். மதுரை எரிகிறது. இதுவரை தெரியாதவர்கள் இப்போதே விலகிக்கொள்ளலாம்.

படிக்கவே சிரிப்பாக இருக்கிறது, இல்லையா? ஆனால் புதுப்படத்தைப் பற்றி எழுதும்போது இதே எச்சரிக்கையைப் போடாமல் விட்டுப் பாருங்கள், என்ன வசவு வாங்குவீர்கள் என்று. எங்கள் அலுவலகத்தில் பெரிய படம் எதுவும் வெளியான வாரம் திங்கட்கிழமை காலை மீட்டிங்கில் பாதிப் பேர் ஹெட்ஃபோனைக் கழற்றவே மாட்டார்கள். முதல் நாள் முதல் காட்சி பார்த்தவன் தொண்டையைச் செருமினாலே போதும், "டேய், வாயைத் திறந்தே, அவ்வளவுதான்!" என்று நாலு பக்கமிருந்தும் குரல் வரும்.

முடிவு தெரிந்துவிட்டால் கதை கெட்டுவிடும் என்ற இந்தப் பயம் எப்போது வந்தது? நம் முன்னோருக்கு இருந்ததா? கொஞ்ச நாளாக இதைத் துருவிக்கொண்டிருக்கிறேன். துருவத் துருவ, கேள்வியையே கொஞ்சம் மாற்றிக் கேட்கவேண்டும் என்று தோன்றுகிறது.

சிலப்பதிகாரத்திலிருந்து ஆரம்பிக்கலாம். புத்தகத்தைத் திறந்தால் முதலில் நிற்பது பதிகம். குன்றக் குறவர்கள் வந்து, வேங்கை மரத்தடியில் ஒரு முலை இழந்து நின்ற பெண் தன் கணவனோடு விண்ணுலகம் போனதைப் பார்த்தோம் என்று இளங்கோவடிகளிடம் சொல்கிறார்கள். பக்கத்தில் இருந்த சாத்தனார், அது எனக்குத் தெரியும் என்று ஆரம்பிக்கிறார். கோவலன் ஆடல்மகளிடம் பொருளைத் தொலைத்தது, சிலம்பு விற்க மதுரைக்கு வந்தது, பொற்கொல்லன் செய்த சூழ்ச்சி, பாண்டியன் ஆணை, கொலை, கண்ணகியின் சீற்றம் என்று மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார். அதோடு விட்டாரா? கோவலனுக்கு ஏன் இந்தக் கதி என்பதற்கான முற்பிறப்புக் காரணத்தையும், அது நடந்து 14 நாள் கழித்துக் கண்ணகிக்கு என்ன வாய்க்கப்போகிறது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார். நூலுக்குள் அந்த ரகசியம் வெளிப்படுவது 23-ஆவது பகுதியில்! பிறகு 30 பகுதிகளின் பெயர்களும் வரிசையாக வருகின்றன. அதில் ஒன்றின் பெயர் கொலைக்களக் காதை. இன்றைக்கு ஓர் ஓடிடி தொடரின் 16-ஆவது எபிசோடுக்கு இப்படிப் பெயர் வைத்து, பட்டியலை முதல் நாளே வெளியிட்டால் அந்த நிறுவனம் தாங்குமா?

இந்தப் பதிகம் இளங்கோ எழுதியதுதானா, பிற்காலத்தில் வேறொருவர் சேர்த்ததா என்று ஆராய்ச்சியாளர்களிடம் பழைய சண்டை ஒன்று உண்டு. சேர்த்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் இன்னும் சுவாரசியம். இந்த நூலுக்கு என்ன குறை என்று யாரோ ஒரு புலவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். முழுக்கதையையும் வாசலிலேயே வைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று முடிவுக்கு வந்திருக்கிறார்.

சரி, பதிகத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் படித்தாலும் தப்ப முடியாது. 9-ஆவது பகுதியில் கண்ணகி தன் கனவைத் தேவந்தியிடம் சொல்கிறாள். ஒரு பெரிய நகரத்துக்குப் போகிறோம், நம்மேல் ஒரு பழி விழுகிறது, கோவலனுக்குத் தீங்கு வருகிறது, நான் அரசன் முன் வழக்குரைக்கிறேன், அரசனுக்கும் ஊருக்கும் கேடு வருகிறது. இவ்வளவும் அவர்கள் புகாரை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே.

ஏன் இப்படிச் செய்யவேண்டும்? எனக்கு விடை கிடைத்தது புறஞ்சேரி இறுத்த காதையில். கோவலன், கண்ணகி, கவுந்தியடிகள் மூன்று பேரும் நடந்து நடந்து வையைக் கரைக்கு வந்து சேர்கிறார்கள். ஆறு முழுக்கப் பூ. தண்ணீரே தெரியவில்லை. இது வெள்ளம் ஓடும் ஆறா, பூ ஓடும் ஆறா என்று அவர்கள் வியந்துகொண்டே கடக்கிறார்கள். ஆனால் கவி நமக்கு வேறொன்று சொல்கிறார்: கண்ணகிக்கு நேரப்போவது வையை என்கிற அந்தப் பெண்ணுக்கு முன்பே தெரியும், கண்ணீரை மறைக்கத்தான் பூவாடையால் தன்னைப் போர்த்திக்கொண்டாள். அப்பால் போனால் மதுரையின் அகழி, அதில் தாமரையும் குவளையும் வண்டின் குரலில் அழுகின்றன. மதில்மேல் கொடிகள் காற்றில் ஆடுகின்றன, வராதே வராதே என்று கைகாட்டுவதுபோல.

கதை தெரியாமல் படிப்பவருக்கு இது ஓர் ஆற்று வர்ணனை, கொஞ்சம் ஊர் வர்ணனை. அழகாக இருக்கிறது என்று தாண்டிப் போய்விடலாம். தெரிந்தவருக்கோ இந்த இடத்தில் தொண்டை அடைத்துக்கொள்ளும். மூன்று பேர் ஆற்றை ரசிக்கிறார்கள், ஆறு அழுகிறது, அது நமக்கு மட்டும் தெரிகிறது. பிறகு கொலைக்களக் காதையில் சிலம்போடு கோவலன் வீதியில் இறங்கும்போது திமில் பருத்த காளை ஒன்று எதிரே வருகிறது. அது கெட்ட சகுனம் என்று அவனுக்குத் தெரியாது. அதைச் சொல்லிவிட்டு இளங்கோ அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். போகாதே என்று கத்தவேண்டும்போல இருக்கும்.

என்ன ஆகும் என்ற கேள்விக்கு முன்பே விடை கொடுத்தாகிவிட்டது. அதனால் நம் கவனம் முழுக்க, எப்படி, எந்த நொடியில், தடுக்க ஓர் இடமாவது இருந்ததா என்பதன்மேல் போய் நிற்கிறது. இந்த நூல் ஓடுவதற்கான எரிபொருளே வாசகருக்கு முடிவு தெரிந்திருப்பதுதான் என்பேன்.

தெருக்கூத்திலும் இதேதான். கர்ண மோட்சம் பார்க்கக் கூடுகிற கூட்டத்தில் கர்ணன் சாவான் என்று தெரியாத குழந்தைகூட இருக்காது. போருக்குப் போகாதீர்கள் என்று பொன்னுருவி மறித்து அழும் இடத்துக்காகத்தான் விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். வள்ளி திருமணம் நாடகத்தில் கல்யாணம் நடக்குமா என்று யாரும் கவலைப்படுவதில்லை. இன்றைக்குத் தர்க்கத்தில் வள்ளி ஜெயிக்கிறாளா, வேலன் ஜெயிக்கிறானா என்பதுதான் பேச்சு. கிரேக்கத்தில் அரிஸ்டாட்டிலும் இதைத் தொட்டுப் போகிறார். தெரிந்த கதைகள்கூட உண்மையில் சிலருக்குத்தான் தெரியும், ஆனாலும் எல்லோரையும் மகிழ்விக்கின்றன என்கிறார். அவர் ஊரில் அப்படி இருக்கலாம். நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும், அப்படியும் இடம் கிடைக்காது.

அப்புறம் எங்கே மாறியது? ஒரே நாளில் மாறவில்லை. தமிழில் 1900-களின் தொடக்கத்தில் ஜே. ஆர். ரங்கராஜு, ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் போன்றவர்கள் துப்பறியும் நாவல்களை எழுதிக் குவித்தார்கள். அந்த வகைக் கதை நிற்பதே ஒளித்து வைப்பதில்தான். கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிட்டால் புத்தகமே வீண். ஆக இரண்டு வகைக் கதைகள் ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டன.

அந்த இரண்டும் சந்தித்துக்கொண்ட இடம் என்று நான் நினைப்பது சினிமா பாட்டுப் புத்தகத்தை. நாற்பதைத் தாண்டியவர்கள் பார்த்திருப்பீர்கள். தியேட்டர் வாசலில் சில்லறைக் காசுக்கு விற்கும், மட்டமான தாளில் நாலைந்து மடிப்பு. உள்ளே நடிகர் பட்டியல், கதைச் சுருக்கம், பாடல்கள். ஆரம்பகாலப் பேசும்படங்கள் பெரும்பாலும் புராணக் கதைகள் என்பதால் சுருக்கத்தில் மறைக்க ஒன்றுமே கிடையாது. 1934-இல் பவளக்கொடி பார்க்கப் போனவர் அர்ஜுனனுக்குக் கல்யாணம் ஆகுமா என்ற பதைப்பிலா போயிருப்பார்? எம்.கே.டி. பாட்டுக்குப் போனார். 1944-இல் வந்த ஹரிதாஸ் மூன்று தீபாவளி கண்டது என்றால், அதே ஆட்கள் திரும்பத் திரும்பப் போயிருந்தால்தான் முடியும். சமூகப் படங்கள் வந்தபிறகு கதைச் சுருக்கத்துக்குக் கடைசியில் ஒரு வரி முளைத்தது: மீதியை வெள்ளித்திரையில் காண்க. பாதி சொல்கிறேன், பாதிக்கு டிக்கெட் வாங்கு. முடிவு என்பது விற்கக்கூடிய சரக்காகிவிட்டது.

அதே காலத்தில் 1954-இல் எஸ். பாலசந்தர் இயக்கிய அந்த நாள் வந்தது. பாட்டே கிடையாது. படம் ஆரம்பிக்கும்போதே சிவாஜி செத்துக் கிடப்பார். கொன்றது யார்? அதை இங்கே நான் சொல்லமாட்டேன். 70 வருஷம் தாண்டிவிட்டது, ஆனாலும் சொல்லமாட்டேன். கோவலன் சாவை முதல் வரியிலேயே போட்ட கைக்கு இதை எழுத வரவில்லை என்பதைக் கவனியுங்கள். படம் எவ்வளவு பழையது என்பதில் விஷயமில்லை, அது எந்த வகைக் கதை என்பதில் இருக்கிறது.

மேற்கிலும் முடிவுக்குக் காவல் போடுவது பெரிய அளவில் நடந்தது இதே வருஷங்களில்தான். லண்டனில் 1952-இல் தொடங்கிய அகதா கிறிஸ்டியின் மவுஸ்ட்ராப் நாடகம் முடிந்ததும் ரகசியத்தை வெளியே சொல்லாதீர்கள் என்று பார்வையாளர்களைக் கேட்டுக்கொள்வது வழக்கம். 1955-இல் வந்த க்ளூஸோவின் பிரெஞ்சுப் படம் டியாபோலிக் அதே வேண்டுகோளை எழுத்தாகவே திரையில் போட்டது. 1960-இல் ஹிட்ச்காக் சைக்கோ படத்துக்கு, ஆரம்பித்தபின் யாரையும் உள்ளே விடாதீர்கள் என்று தியேட்டர்காரர்களுக்கு நிபந்தனை போட்டார். இது ஏன் பெரிய செய்தியானது என்றால், அமெரிக்கத் தியேட்டர்களில் அதுவரை படம் தொடர்ச்சியாக ஓடிக்கொண்டே இருக்கும். நினைத்த நேரத்துக்கு உள்ளே போய், பாதியிலிருந்து முடிவு வரை பார்த்துவிட்டு, அடுத்த காட்சியின் முதல் பாதியையும் பார்த்து, நாம் வந்த இடம் வந்துவிட்டது என்று எழுந்து போவது சர்வசாதாரணம். அதாவது லட்சக்கணக்கானவர்கள் முடிவை முதலிலும் ஆரம்பத்தைப் பிறகும் பார்த்துப் பழகியவர்கள்! ஸ்பாய்லர் என்ற சொல்லையே தலைப்பாக வைத்து நேஷனல் லாம்பூன் பத்திரிகையில் டக் கென்னி கிண்டல் கட்டுரை எழுதி, வரிசையாக முடிவுகளைப் போட்டு உடைத்தது 1971-இல். சைக்கோவும் அதில் தப்பவில்லை.

இப்போது ஆய்வுகளுக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தப் பேச்சை எடுத்தாலே யாராவது ஒருவர், ஸ்பாய்லர் நல்லதுன்னு சயின்ஸே சொல்லிடுச்சு என்பார். அவர் சொல்வது கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் லெவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் இருவரும் செய்து 2011-இல் வெளியிட்ட ஆய்வு. 12 சிறுகதைகளை மாணவர்களிடம் கொடுத்தார்கள். சிலருக்கு முடிவை முன்னாலேயே சொல்லிவிட்டார்கள். முடிவு தெரிந்து படித்தவர்களே சராசரியில் கதையை அதிகம் ரசித்தார்கள், துப்பறியும் கதைகளில்கூட. 2015-இல் ஜான்சன், ரோசன்பாம் என்ற இருவர் செய்த ஆய்வில் நேர் எதிராக, முடிவு தெரிந்த கதைகள் சுவாரசியம் குறைந்தவையாகப் பட்டன. ஆக, சயின்ஸ் இன்னும் ஒன்றும் சொல்லிவிடவில்லை.

எனக்கு 2011 ஆய்வின்மேல் வேறொரு மனக்குறை. சோதனைக்காகச் சில பக்கங்களைப் படிக்கிறவர் அந்தக் கதைக்காகக் காத்திருந்தவர் இல்லை. வாரா வாரம் பத்திரிகை வரும் நாளை எண்ணிக்கொண்டிருந்தவருக்கு, அடுத்த வாரம் என்ன என்று டீக்கடையில் சண்டை போட்டவருக்கு, அந்தக் காத்திருப்பும் கதையில் சேர்த்திதான். அதை ஒரு மதியத்தில் அளக்க முடியாது. இன்னொன்று, சராசரி. நூறு பேரில் அறுபது பேருக்குப் பிடித்தது என்பதால் மீதி நாற்பது பேரிடம் கேட்காமல் சொல்லிவிடலாமா? எங்கள் தொழில்பாஷையில் சொன்னால் இது ரோல்பேக் இல்லாத ஆப்பரேஷன். தெரியாமல் படித்தவர் எப்போது வேண்டுமானாலும் தெரிந்துகொண்டு மறுபடி படிக்கலாம். தெரிந்தவர் தெரியாதவராகத் திரும்ப வழியே இல்லை. அப்படிப்பட்ட பட்டனை அழுத்துகிற உரிமை கேட்கிறவரிடம் இருக்கவேண்டும், சொல்கிறவரிடம் இருக்கக்கூடாது. சிலப்பதிகாரம் போன்ற நூலை முதல் தடவையே தெரிந்துகொண்டு படிப்பதில் நஷ்டமில்லை என்பது என் கட்சி. அந்த நாள் விஷயத்தில் அப்படிச் சொல்லமாட்டேன்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு விசித்திரப் பிறவி இருக்கிறது, பொன்னியின் செல்வன். (படிக்காதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடுங்கள், நிஜமாகவே சொல்கிறேன்.) 1950-இல் கல்கி தொடரை ஆரம்பித்தபோது அருள்மொழி பிற்காலத்தில் ராஜராஜனாவான் என்பது பள்ளிக்கூடப் புத்தகம் படித்த எல்லோருக்கும் தெரியும். ஆதித்த கரிகாலன் கொலையுண்டதும் தெரிந்த செய்திதான். நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாற்றின் முதல் பாகம் 1935-லேயே வந்துவிட்டது. அதில் உத்தம சோழன்மேலேயே அவர் சந்தேகப்பட்டிருப்பார். கொன்றவர்களின் பெயர்கள் உடையார்குடிக் கல்வெட்டில் இருக்கின்றன. இவ்வளவும் நூலகத்தில் திறந்து கிடக்க, மூன்றரை வருஷம் வாசகர்களைக் கட்டிப்போட்டார் கல்கி. சிங்காசனம் யாருக்கு என்பதை இளங்கோ மாதிரி நடத்தினார். கத்தி யார் கையில் இருந்தது என்பதைத் துப்பறியும் நாவல் மாதிரி நடத்தி, கடைசிவரை அறுதியிட்டுச் சொல்லாமலே முடித்தார். 2022-லும் 2023-லும் மணிரத்னத்தின் படங்கள் வந்தபோதும் வாட்ஸ்அப் குழுக்களில் நடந்த சண்டை இந்த இரண்டாவது கேள்வியைப் பற்றித்தான்.

என் மகள் இப்போது மூன்றாம் பாகத்தில் இருக்கிறாள். போன வாரம், "அப்பா, அந்தக் கல்வெட்டு எங்க இருக்கு, போய்ப் பார்க்கலாமா?" என்றாள். காட்டுமன்னார்கோயிலில் இருக்கிறது, வந்தியத்தேவன் முதல் அத்தியாயத்தில் குதிரையில் வரும் வீராணம் ஏரிக்கு மிகப் பக்கம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். "அஞ்சாம் பாகம் முடிச்சுட்டுப் போகலாம்மா" என்றேன். முறைத்துவிட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். நேற்று ராத்திரி 11 மணிக்கும் அவள் அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.