எல்லையில் நின்ற வடிகட்டி: 2022 ரோஜர்ஸ் முடக்கமும் வழி மறுபகிர்வின் பிழைதேடலும்

2022 ஜூலை 8, வெள்ளிக்கிழமை விடியுமுன், ரொறன்ரோவைத் தலைமையிடமாகக் கொண்ட ரோஜர்ஸ் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வலையமைப்பு கனடா நாடெங்கும் விழுந்தது. 1.2 கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் கைப்பேசி, இணையம், வீட்டுத் தொலைபேசி ஆகியவற்றை ஏறத்தாழ 26 மணி நேரம் இழந்தார்கள். இன்டராக் டெபிட் சேவையும் கூடவே நின்றதால், கையில் காசில்லாதவர் கடைக்குப் போயும் பயனில்லாத நாளாக அது அமைந்தது. காரணம் ஒரே ஒரு கட்டமைப்பு மாற்றம். மையத்துக்கு வழித்தடங்களைக் கொண்டுசேர்க்கும் விநியோக ரவுட்டர்களிலிருந்து ஒரு வடிகட்டியை ஊழியர்கள் நீக்கினார்கள். அதுவரை தடுக்கப்பட்டிருந்த வழித்தடங்கள் மைய ரவுட்டர்களுக்குள் வெள்ளமாய்ப் புகுந்தன. அளவு மீறியதும் அந்த மைய ரவுட்டர்கள் போக்குவரத்தைக் கடத்துவதையே நிறுத்திவிட்டன.

வழி மறுபகிர்வைக் கற்பிக்கும் முறையின் குறை ஒன்றை இந்நிகழ்வு வெளிப்படுத்துகிறது என்பது என் வாதம். ஒரு நெறிமுறை அறிந்த வழிகளை இன்னொன்றுக்குக் கையளிப்பதே மறுபகிர்வு. அதில் பிழை தேடக் கற்பவர்கள் பெரும்பாலும் சுழற்சியைத்தான் தேடுகிறார்கள். பாடம் நமக்குத் தெரிந்ததே. ஆர்.ஐ.பி., ஓ.எஸ்.பி.எஃப். என்ற இரு வழிகாட்டு நெறிமுறைகளின் பகுதிகளை இரண்டு ரவுட்டர்கள் இணைக்கின்றன. ஆர்.ஐ.பி. பகுதியில் பிறந்த வழியை முதல் ரவுட்டர் ஓ.எஸ்.பி.எஃப்.-க்குள் அனுப்புகிறது. இரண்டாவது ரவுட்டர் அதே வழியை இருபுறமும் கேட்கிறது. சிஸ்கோ கருவிகளில் ஓ.எஸ்.பி.எஃப்.-இன் நிர்வாகத் தூரம் 110, ஆர்.ஐ.பி.-யின் தூரம் 120. இரண்டாவது ரவுட்டர் சிறிய எண்ணை நம்பி, சுற்றி வந்த செய்தியை நேர்ச் செய்தியாக எடுத்துக்கொண்டு, பிறந்த இடத்துக்கே திருப்பி அனுப்புகிறது. வழிகளுக்கு அடையாள எண் இட்டு, அந்த எண் தாங்கி வருவதை மறு எல்லையில் மறுத்தால் இது தீரும். இவை எல்லாம் சரியான அறிவுதான். ஆனால் ‘எந்த வழி தவறு’ என்று மட்டுமே இப்பாடம் கேட்கிறது. ‘எத்தனை வழிகள் வரலாம்’ என்று கேட்பதில்லை.

எண்ணிக்கைதான் கொல்கிறது. 2022-இல் உலக இணையத்தின் நான்காம் பதிப்பு முகவரி அட்டவணையில் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட வழிகள் இருந்தன. அவ்வளவையும் சுமக்கவே, வலையமைப்புகளுக்கு இடையே வழிகளைப் பரிமாறும் பி.ஜி.பி. நெறிமுறை வடிவமைக்கப்பட்டது. உள்வலைக்கான ஓ.எஸ்.பி.எஃப். அப்படியல்ல. அதில் நுழையும் வெளிவழி ஒவ்வொன்றும் சாதாரணப் பகுதிகளிலுள்ள எல்லா ரவுட்டர்களின் நினைவகத்திலும் இடம்பிடிக்கும். ஆகவே ஓரிடத்தில் நேர்ந்த கசிவு அந்த இடத்தோடு நிற்பதில்லை. நெறிமுறையின் பெயர் எதுவானாலும் எல்லையின் இயல்பு ஒன்றே: நிறைய அறிந்த பக்கத்துக்கும் கொஞ்சமே தாங்கக்கூடிய பக்கத்துக்கும் இடையில் வடிகட்டி நிற்கிறது.

அந்த வடிகட்டியை மட்டுமே நம்பியதுதான் 2022-இன் அடிப்படைப் பிழை. கனடிய வானொலி, தொலைக்காட்சி, தொலைத்தொடர்பு ஆணையத்துக்காக சோனா பார்ட்னர்ஸ் செய்த ஆய்வின் சுருக்கம் 2024 ஜூலையில் வெளியானது. மைய ரவுட்டர்களுக்கு மிகைச்சுமைக் காப்பு இல்லை என்பதை அது சுட்டியது. அனுப்புபவர் அளவோடு அனுப்புவார் என்று பெறுபவர் நம்பியிருந்தார். பெறும் பக்கத்தில் உச்சவரம்பு வைத்தால், நெரிசல் நேரத்தில் நியாயமான இணைப்பும் அறுபடலாம் என்று பொறியாளர்கள் தயங்குவதுண்டு. தயக்கம் பொய்யல்ல. ஆனாலும் வரம்பை நெருங்கும்போதே எச்சரிக்கை எழுப்பச் செய்யலாம். அதையும் மீறினால் ஓர் இணைப்பு விழும், நாடு விழாது.

பிழைதேடல் ஏன் நீண்டது என்பது இன்னும் முக்கியமானது. மூலக்காரணத்தை அறிய ஏறத்தாழ 14 மணி நேரம் ஆயிற்று. ரவுட்டர்களை மேலாளும் வலையமைப்பே, விழுந்த மையத்தைச் சார்ந்திருந்தது. பிழைப் பதிவேடுகளை எட்ட முடியவில்லை. ஊழியர்களின் கைப்பேசிகளும் அதே நிறுவனத்தின் இணைப்பில் இருந்ததால் ஒருவரை ஒருவர் அழைக்கவே திணறினார்கள். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் முடங்கியபோதும் பொறியாளர்கள் இதேபோல் வெளியே நின்றார்கள். வழி அட்டவணையைக் காட்டும் கட்டளைகளை எவ்வளவு மனப்பாடமாக அறிந்திருந்தாலும், அவற்றைத் தட்டச்சு செய்யப் போகும் பாதை சோதிக்கப்படும் வலையிலேயே இருந்தால் அந்த அறிவால் பயனில்லை.

மறுபகிர்வின் இன்னொரு நோய், செய்தி எல்லையைக் கடக்கும்போது தன் வரலாற்றை இழப்பது. 1997 ஏப்ரல் 25 அன்று ஏ.எஸ். 7007 என்ற எண்ணுடைய சிறு வலையமைப்பு, பிறருடைய ஆயிரக்கணக்கான வழிகளுக்குத் தானே பிறப்பிடம் என்று அறிவித்தது. உலகம் நம்பிப் போக்குவரத்தை அங்கே அனுப்பியது. ரோஜர்ஸ் முடக்கத்திலும் இதற்கு ஒத்த ஒன்று, ரவுட்டர்களுக்கு வெளியே நடந்தது. மையம் இறந்த பின்னும் ரோஜர்ஸின் வானலைக் கோபுரங்கள் உயிரோடிருந்தன. அவற்றின் சமிக்ஞையைக் கண்ட கைப்பேசிகள் பல, 911 அவசர அழைப்புக்கும் வேறு நிறுவனத்தின் கோபுரத்தை நாடவில்லை. வழி இருக்கிறது என்ற அறிவிப்பு மட்டும் எஞ்சியிருந்தது, வழி இல்லை. உயிர்காக்கும் அழைப்பு அந்த அறிவிப்பில் சிக்கிக்கொண்டது என்பதை இதன் மிகக் கொடிய பக்கமாகக் கருதுகிறேன்.

ரோஜர்ஸ் வடிகட்டியை நீக்கிய அந்த மாற்றம் ஏழு கட்டப் பணியின் ஆறாம் கட்டம். தொடக்கத்தில் ‘அதிக ஆபத்து’ என்று குறிக்கப்பட்ட பணி, முந்தைய கட்டங்கள் நல்லபடி முடிந்ததால் ‘குறைந்த ஆபத்து’ என்று கணக்கிடப்பட்டது. இந்தக் கணக்கை ஏற்க முடியாது. ஐந்து கட்டங்களில் தொடப்படாத வடிகட்டியைப் பற்றி அந்த ஐந்து வெற்றிகளும் எதையும் சொல்வதில்லை.

முடக்கத்துக்குப் பின் ரோஜர்ஸ் கம்பியில்லா மையத்தையும் கம்பிவழி மையத்தையும் பிரிக்க முன்வந்தது. 2022 செப்டெம்பரில் கனடாவின் பெரிய நிறுவனங்கள் அவசர ரோமிங்குக்கும் பரஸ்பர உதவிக்கும் ஒப்பந்தம் செய்துகொண்டன. இரண்டும் வேண்டியவையே, ஆனால் இரண்டும் விழுந்த பிறகான ஏற்பாடுகள், அல்லது விழுவதன் பரப்பைக் குறைப்பவை. விழாமல் தடுக்க, ஒவ்வொரு எல்லையிலும் பெறும் ரவுட்டர் எத்தனை வழிகளை ஏற்கும், அந்த வரம்பு கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது என்ற இரண்டு விவரங்களையும் ஆணையம் நிறுவனங்களிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.