மனநல ஆலோசனைக்குச் செல்லுமுன்
“வீட்டில் தெரிந்துவிடுமோ?” என்ற தயக்கத்திலேயே சிலர் மனநல உதவியைத் தள்ளிப்போடுகின்றனர். ஆலோசகரிடம் பேசுவது ரகசியமாகவே காக்கப்படும். உயிருக்கு ஆபத்து போன்ற சூழலில் விதிவிலக்கு உண்டு. அந்த வரம்பை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆலோசகரும் உளவியலாளரும் பேச்சுவழிச் சிகிச்சை அளிப்பர். மருந்து எழுதித் தருபவர் மருத்துவர். சிங்கப்பூரர்கள் பலதுறை மருந்தகத்தின் பரிந்துரையுடன் அரசாங்க மருத்துவமனைக்குச் சென்றால் கட்டணக் கழிவு பெறலாம்.

தகுதி, கட்டணம், தமிழில் பேச வசதி உண்டா என்பதையும் முன்கூட்டியே விசாரியுங்கள். முதல் சந்திப்பில் பெரும்பாலும் உங்கள் நிலையைக் கேட்டறிவார்கள். உடனடித் தீர்வை எதிர்பார்க்க வேண்டாம். மனம்விட்டுப் பேச முடியாவிட்டால் வேறொருவரை நாடலாம். சிகிச்சையைக் கைவிட வேண்டியதில்லை.

தேசிய மனநல உதவி எண் 1771. தற்கொலை எண்ணம் எழுந்தால் 1767. இரண்டும் 24 மணி நேரமும் இயங்குகின்றன.